மண்கரையும் ஒரு வரலாற்றுச் சின்னமே!

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் செல்லும் சாலையில் எலவனாசூர்கோட்டை என்னும் ஊர் உள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்ட சிவன் கோயில் அவ்வூரின் பெருமை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகப் பகுதிக்காக மோதிக்கொண்ட 18ஆம் நூற்றாண்டுப் போர்களிலும் இவ்வூரின் பெயர் அடிபடுகிறது. 2019இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, எலவனாசூர்கோட்டையும் புதிய மாவட்டத்தைச் சேர்ந்தது.

இவ்வூரின் பெயரை முதன்முதலாகக் கேட்கும் மாணவன் என்ன கேட்பான்? "கோட்டை எங்கே இருக்கிறது?" என்றுதான் கேட்பான். அவன் மனத்தில் செஞ்சிக் கோட்டை நிற்கும். மலைமேல் ஏறிச் செல்லும் கருங்கல் மதிலைத் தேடி அவன் கண்கள் அலையும். ஆனால் மனித வரலாற்றின் பெரும் பகுதியில், மனிதன் எழுப்பிய அரண்களில் மிகப் பல கல்லால் ஆனவை அல்ல, மண்ணால் ஆனவையே. கோட்டைமேடு, மண்கோட்டை, கோட்டைக்கரை என்று தமிழகமெங்கும் வழங்கும் இடப்பெயர்கள் இதற்குச் சான்று. பல இடங்களில் பெயர் மட்டும் எஞ்சி, மண் போய்விட்டது.

பழங்காலத்து மண்கரை ஒன்று நம் கண்முன் கிடந்தாலும், அதை மண்கரை என்று மட்டுமே காண்கிறோம். வரலாறு என்று காண்பதில்லை. இந்தக் கட்டுரையின் பொருள் அதுவே. இத்தகைய கரைகள் எவை, அவை எப்படிப் பேசுகின்றன, அவற்றை எப்படிக் காப்பது என்பனவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பள்ளமும் மேடும்

தரையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தோண்டுகிறோம். தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் ஒரு பக்கத்தில் கொட்டிக்கொண்டே போகிறோம். வேலை முடியும்போது ஒரு பள்ளமும் அதையொட்டி ஒரு கரையும் கிடைக்கின்றன. பகைவன் முதலில் பள்ளத்தில் இறங்கவேண்டும். பிறகு கரைமேல் ஏறவேண்டும். ஆகவே இரண்டு மீட்டர் ஆழமுள்ள பள்ளமும் இரண்டு மீட்டர் உயரமுள்ள கரையும் சேர்ந்து நான்கு மீட்டர் தடையாகிவிடுகின்றன. ஒரே உழைப்பில் இரட்டைப் பயன்! இரும்புக் கருவி இல்லாத காலத்து மனிதனும் மான்கொம்பையும் மரக்கோலையும் கொண்டு இதைச் செய்ய முடிந்தது.

இதில் எவ்வளவு உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். மேலே 3 மீட்டர் அகலமும், நடுவில் 2 மீட்டர் ஆழமும், முக்கோண வடிவமும் உடைய பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். அதன் குறுக்குப் பரப்பு 3 சதுர மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளத்திற்குத் தோண்டினால் 3,000 கன மீட்டர் மண் வரும். ஓர் ஆள் ஒரு நாளில் 2 கன மீட்டர் வெட்டிச் சுமப்பதாகக் கொண்டால், 1,500 ஆள்நாள் வேலை. ஐம்பது பேர் ஒரு மாதம் ஓயாமல் உழைக்கவேண்டும். அந்த ஒரு மாதமும் அவர்களுக்குச் சோறு போட யாரோ இருந்திருக்கவேண்டும். எங்கே தோண்டுவது என்று யாரோ முடிவு செய்திருக்கவேண்டும். அந்த முடிவை மற்றவர்கள் ஏற்றிருக்கவேண்டும். எழுத்து ஒன்றும் இல்லாத அந்தக் கரை, ஒரு சமுதாயம் இருந்தது, அதற்கு ஒரு தலைமை இருந்தது என்று சொல்லிவிடுகிறது.

இப்போது கணக்கை மறுபக்கமாகப் போடுவோம். ஒரு டிப்பர் லாரியில் 10 கன மீட்டர் மண் கொள்ளும் எனில், அந்த 3,000 கன மீட்டரும் 300 நடை. ஒரு மண்வாரி இயந்திரமும் சில லாரிகளும் இருந்தால் சில நாட்களில் வேலை முடிந்துவிடும். ஈராயிரம் மூவாயிரம் ஆண்டுகள் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய கரை ஒரு வார காலத்தில் மறைந்துவிடக்கூடும். அபாயம் இங்கேதான் இருக்கிறது.

பந்தயத் திடலும் கரும்பன்றியும்

நீண்ட மண்கரைகளைப் பற்றிய ஆராய்ச்சி மிகுதியாக நடைபெற்றது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆகும். அங்கிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் புகழ்பெற்ற கல்வட்டத்தை எல்லாரும் அறிவர். அதற்கு வடக்கே, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்திற்கு இரண்டு பள்ளங்கள் இணையாக ஓடுகின்றன. அவற்றுக்கிடையே 100 முதல் 150 மீட்டர் இடைவெளி. 1723இல் இதைக் கண்ட வில்லியம் ஸ்டுக்லி என்பவர், ரோமானியர்கள் தேர்ப்பந்தயம் நடத்திய திடல் என்று நினைத்துவிட்டார். பந்தயத் திடலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான 'கர்சஸ்' என்பதே அதற்குப் பெயராயிற்று. பெயர் நிலைத்தது, கருத்து நிலைக்கவில்லை. 2007இல் நடந்த அகழாய்வில் பள்ளத்தின் அடியில் ஒரு மான்கொம்பு கிடைத்தது. அதன் வயதைக் கணித்தபோது இந்த அமைப்பு கி.மு. 3500ஐ ஒட்டிய காலத்தது என்று தெரிந்தது. ரோமானியர் அந்நாட்டில் கால் வைப்பதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது அது!

இரண்டாவது எடுத்துக்காட்டு அயர்லாந்தின் வடபகுதியில் உள்ளது. லீட்ரிம், கேவன், மோனஹன் முதலிய மாவட்டங்களின் வழியே துண்டு துண்டாக ஒரு மண்கரை செல்கிறது. அதற்கு 'கரும்பன்றியின் கரை' என்று பெயர். மந்திரம் கற்ற ஓர் ஆசிரியர் தம் மாணவர்களை விலங்குகளாக மாற்றி விளையாடி வந்தாராம். ஒரு நாள் அவரே கரும்பன்றியாக மாறிவிட, அப்பன்றி வெறி கொண்டு நாடெல்லாம் ஓடித் தன் கொம்புப் பற்களால் நிலத்தைக் கிழித்ததாம். அந்தக் கிழிசலே இந்தக் கரை என்பது மக்கள் கதை.

இதைப் படித்துச் சிரிக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்களைப் 'பாண்டவர் குழி' என்றும் 'வாலியர் வீடு' என்றும் 'குள்ளர் வீடு' என்றும் சொல்வதில்லையா? முன்னோர் செய்தது என்று நினைவில் இருக்கிறது. எந்த முன்னோர் என்பது மறந்துவிட்டது. அந்த இடைவெளியைக் கதை வந்து நிரப்புகிறது. உண்மையில் இத்தகைய கதைகள் ஆராய்ச்சியாளனுக்கு வழிகாட்டிகள். கதை வழங்கும் இடத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவன் அறிந்துகொள்கிறான்.

கரும்பன்றியின் கரையை 1982இல் மோனஹன் மாவட்டத்தில் ஓரிடத்தில் வெட்டிப் பார்த்தார்கள். இரட்டைக் கரைகளும் இரட்டைப் பள்ளங்களும், அவற்றோடு மரக் கழிகளால் ஆன வேலியும் இருந்தது தெரியவந்தது. அந்த வேலி தீக்கிரையாகியிருந்தது. எரிந்த மரக்கரியின் வயது கி.மு. 390க்கும் கி.மு. 70க்கும் இடைப்பட்டது என்று கணிக்கப்பட்டது. இத்தகைய கரைகள் சுற்றி வளைக்கும் கோட்டைகள் அல்ல. ஆனால் கவர்ந்த ஆநிரையை ஓட்டிக்கொண்டு போகவிடாமல் தடுக்க இவை மிகவும் ஏற்றவை என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். மனிதன் கரை ஏறித் தாண்டிவிடுவான். நூறு மாடுகளைத் தாண்டச் செய்ய முடியுமா?

ஆநிரை கவர்தலும் மீட்டலும் தமிழனுக்குப் புதிய செய்தி அல்ல. வெட்சி, கரந்தை என்று அவற்றுக்குத் திணையும் துறையும் வகுத்தவர்கள் நாம். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லில் 'ஆகோள்' என்ற சொல்லே காணப்படுகிறது. கல்வராயன் மலைக்கு வடக்கே உள்ள செங்கம் பகுதியில் ஆநிரைப் போரில் மாண்ட வீரர்களின் நடுகற்கள் ஏராளம்; அவற்றைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972இல் நூலாகத் தொகுத்து வெளியிட்டது. கடல் கடந்த தீவில் மண்கரையாக நிற்கும் அதே வாழ்க்கை முறை, இங்கே நடுகல்லாக நிற்கிறது.

மண் எப்படிப் பேசுகிறது?

ஒரு கரையின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கரையை உடைப்பதில்லை. அதன் குறுக்கே ஓர் ஒடுங்கிய வாய்க்கால் போன்ற குழியை வெட்டி, அதன் பக்கச் சுவரைப் பார்க்கிறார்கள். வெட்டிய கேக்கில் அடுக்குகள் தெரிவதுபோல் மண்ணின் அடுக்குகள் தெரியும்.

எல்லாவற்றிற்கும் அடியில், கரை எழுப்பப்படுவதற்கு முன் இருந்த பழைய தரை ஒரு கரிய கோடாகத் தெரியும். கரை அதை மூடிப் பாதுகாத்து வைத்திருக்கிறது. அன்று அங்கே காடு இருந்ததா, புல்வெளி இருந்ததா, உழவு நடந்ததா என்பதை அதில் சிக்கிய மகரந்தத் துகள்களும் விதைகளும் சொல்லிவிடும். பள்ளத்திலோ, தோண்டிய நாளிலிருந்து சரிந்தும் படிந்தும் வந்த வண்டல் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அடி வண்டலில் கிடைக்கும் பானை ஓடு பழையது. மேல் வண்டலில் கிடைப்பது பிந்தியது.

அடுக்குகளில் கரித்துண்டு கிடைத்தால் கரிமம்-14 முறையால் வயது கணிக்கலாம். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கரிமத்தை ஏற்றுக்கொண்டே இருக்கிறது. வெட்டுண்டதும் ஏற்பது நின்றுவிடுகிறது. அதிலுள்ள கதிரியக்கக் கரிமம் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சியதை அளந்தால் மரம் மாண்ட காலம் தெரியும். கரித்துண்டு இல்லாவிட்டாலும் வழி உண்டு. மணலில் உள்ள குவார்ட்சு மணிகள் வெயிலில் கிடக்கும்வரை ஒன்றும் சேமிப்பதில்லை. மண்ணுக்குள் மறைந்தபின் சுற்றுப்புறக் கதிரியக்கத்தின் ஆற்றலைச் சிறுகச் சிறுகச் சேமிக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அவற்றின்மீது ஒளி பாய்ச்சினால் சேமித்த ஆற்றலை ஒளியாகக் கக்குகின்றன. அந்த ஒளியை அளந்து, அம்மணல் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்று கணிக்கலாம். கரை எழுப்பியவன் கூடையிலிருந்து மண்ணைக் கொட்டிய நாளை ஏறத்தாழ அறியும் வழி இது.

மண்கரை காலப்போக்கில் எப்படித் தேய்கிறது என்பதையும் அறிவியல் ஆராய்ந்திருக்கிறது. மண்புழுக்கள் மண்ணை மேலே கொண்டுவந்து தள்ளுவதால் பழம்பொருள்கள் மெல்லக் கீழே புதைகின்றன என்று சார்லஸ் டார்வின் 1881இல் ஒரு நூலே எழுதினார். அந்த வழியில் சிந்தித்த அறிஞர்கள், 1960இல் இங்கிலாந்தின் ஓவர்ட்டன் டவுன் என்னுமிடத்தில் புதிதாக ஒரு கரையையும் பள்ளத்தையும் அமைத்தனர். உள்ளே துணி, தோல், மரம், எலும்பு முதலியவற்றைப் புதைத்தனர். 2, 4, 8, 16, 32, 64, 128 ஆண்டுகள் கழிந்தபின் ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியை வெட்டிப் பார்ப்பது என்பது திட்டம். தொடங்கியவர்கள் யாரும் முடிவைக் காணமாட்டார்கள் என்று தெரிந்தே தொடங்கிய சோதனை அது! அதிலிருந்து கிடைத்த முக்கியமான பாடம்: பள்ளத்தின் ஓரங்கள் முதல் சில பத்தாண்டுகளில் விரைவாகச் சரிகின்றன, பிறகு புல் மூடியதும் கரையும் பள்ளமும் நிலைபெற்றுவிடுகின்றன. அதன்பின் மனிதன் கைவைக்காதவரை அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். ஒரு கோயில் இடிந்தால் கற்களுக்கு எண்ணிட்டு மீண்டும் அடுக்கலாம்; பல இடங்களில் அடுக்கியும் இருக்கிறார்கள். மண்கரையை அப்படிச் செய்ய முடியாது. அதன் வரலாறு மண்ணில் இல்லை. மண் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையில் இருக்கிறது. வரிசை கலைந்தால், மண் முழுவதையும் திரும்பக் கொண்டுவந்து கொட்டினாலும் அது வெறும் மண்குவியல்தான். எழுத்துகளைக் கலைத்துவிட்ட அச்சுக்கோப்புப் பலகையிலிருந்து யார் படிக்க முடியும்?

தமிழகத்து மண்ணரண்கள்

நம் முன்னோர் அரணுக்குப் பல பெயர்கள் வைத்திருந்தனர். எயில், இஞ்சி, புரிசை, மதில் என்பன சுவரைக் குறிப்பன. கிடங்கு, அகழி என்பன பள்ளத்தைக் குறிப்பன. மிளை என்பது அதற்கும் வெளியே வளர்த்த காவற்காடு. கோட்டையை முற்றுகையிடுதலும் காத்தலும் பற்றிப் பாட உழிஞை, நொச்சி என்னும் பகுதிகளும் இருந்தன. இவ்வளவு சொற்கள் ஒரு மொழியில் வீணாகத் தோன்றுவதில்லை. அரண்கள் இருந்தன, சொற்களும் இருந்தன.

அவற்றில் ஒன்றைப் புதுக்கோட்டை நகருக்கு அருகில் இன்றும் காணலாம். அது பொற்பனைக்கோட்டை. மரங்களும் புதர்களும் வளர்ந்து கிடக்கும் வட்டமான மண்கரை நாற்பது ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைச் சுற்றி வளைத்துள்ளது. வெளியே அகழியின் தடம் தெரிகிறது. கரையின்மேல் செங்கல் மதில் இருந்ததன் அடையாளங்கள் உள்ளன. இப்பகுதியில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று கிடைத்தபின் அறிஞர்களின் கவனம் இங்கே திரும்பியது. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023இலும் 2024இலும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் இங்கு அகழாய்வு நடத்தின. செங்கல் கட்டுமானம், பானை ஓடுகள், சூதுபவள மணி, எலும்பாலான முனை, சிறு தங்க அணிகலன் முதலியன வெளிப்பட்டன. சங்க காலத்துப் பாடல்களில் மட்டும் கேட்ட அரண், கையால் தொட்டுப் பார்க்கும் பொருளாயிற்று. அதற்குமுன் எத்தனை தலைமுறைகள் அந்தக் கரையின்மேல் ஆடு மேய்த்திருக்கும்!

மண்ணரணின் வலிமையைப் பிற்காலத்திலும் தமிழகம் கண்டது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்கோட்டையே. ஊமைத்துரையும் அவர் ஆட்களும் விரைவில் எழுப்பிய அந்தச் சுவர்கள், 1801இல் ஆங்கிலேயரின் பீரங்கிகளை எதிர்த்து நின்றன. கல் மதிலில் குண்டு பட்டால் கல் சிதறும். மண்மதிலிலோ குண்டு புதைந்து போகும். கோட்டை விழுந்தபின் ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினர். மண்கோட்டையை அழிப்பது என்றால் அதன் நினைவையும் அழிப்பது என்று அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ஏரிக்கரை இருக்கிறதே. எது அரண், எது ஏரிக்கரை என்று எப்படி அறிவது? சில அடையாளங்கள் உண்டு. ஏரிக்கரை பிறை வடிவில் சரிவின் தாழ்ந்த பக்கத்தை மட்டும் அடைத்து, மேட்டுப்பக்கம் திறந்திருக்கும். அரண் பெரும்பாலும் முழுவதும் சுற்றி வளைக்கும். ஏரிக்கரையில் மதகும் கலிங்கும் இருக்கும். அரணில் வாயில் இருக்கும். அரணுக்கு வெளியே ஒட்டினாற்போல் அகழி ஓடும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: பழைய ஏரிக்கரையும் நம் முன்னோர் செய்த மாபெரும் மண்வேலையே. அதன் மதகுக் கல்லில் கல்வெட்டு இருக்கக்கூடும். அதுவும் காக்கத்தக்கதே.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் பழஞ்சின்னங்களைக் காக்க முதல் சட்டம் 1882இல் வந்தது. இந்தியாவில் கர்சன் பிரபு காலத்தில் 1904இல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப்பின் 1958இல் மத்திய அரசின் சட்டமும், 1966இல் தமிழ்நாட்டின் தனிச் சட்டமும் வந்தன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கட்டடம், ஈமமேடு, குகை, சிற்பம், கல்வெட்டு முதலியனவும், அகழ்ந்தால் வரலாற்றுச் சான்றுகள் கிடைக்கக்கூடிய இடங்களும் பாதுகாப்புக்கு உரியன. ஆகவே மண்கரைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 2010இல் வந்த திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டடம் கட்டுவதைத் தடை செய்தது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும் என்றது. சின்னத்தைச் சிதைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது: 'அறிவிக்கப்பட்ட' சின்னம். அரசு அறிவித்துப் பட்டியலில் சேர்த்தால்தான் வேலி. பட்டியலில் இல்லாத கரை, சட்டத்தின் கண்ணில் வெறும் மேடு. கோயிலை யாரும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. கோபுரம் தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது. கரையை ஒருவர் கண்டு சொன்னால்தான் உண்டு.

பட்டியலில் சேர்ந்தபின்னும் கவலை தீர்வதில்லை. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இடையே 'ஆஃபாவின் கரை' என்னும் நீண்ட மண்கரை உள்ளது. அது 8ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆஃபா மன்னனின் பெயரால் வழங்குவது, எல்லாரும் அறிந்தது, சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. 2013இல் சிர்க் என்னும் ஊருக்கு அருகே அதன் 45 மீட்டர் பகுதி இயந்திரத்தால் சமப்படுத்தப்பட்டுவிட்டது. காவல்துறை விசாரித்தது. ஆனால் வழக்குத் தொடர முடியவில்லை. செய்தவருக்கு அது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று தெரிந்திருந்தது என்பதை மெய்ப்பிக்க இயலவில்லை. 'எனக்குத் தெரியாது' என்பதைப் பழைய சட்டம் ஒரு காப்பாக ஏற்றிருந்தது. வேல்சு நாட்டினர் வாளாவிருக்கவில்லை. 2016இல் புதிய சட்டம் இயற்றி, தெரியாது என்று சொல்பவர் தெரிந்துகொள்ளத் தக்க முயற்சி எடுத்ததாகக் காட்டவேண்டும் என்று மாற்றினர். போன 45 மீட்டர் போனதுதான். எஞ்சியதற்கேனும் காவல் வலுவாயிற்று.

நம் நாட்டில் ஒடிசாவின் சிசுபால்கர் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. புவனேசுவரத்தை ஒட்டிய இந்தப் பண்டைய நகரத்தைச் சதுர வடிவில் மாபெரும் மண்ணரண் சூழ்ந்திருந்தது. பக்கத்திற்கு இரண்டாக எட்டு வாயில்கள். 1948இல் பி.பி. லால் இதை அகழ்ந்து உலகுக்கு அறிவித்தார். மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலிலும் இது உள்ளது. ஆயினும் அரணுக்கு உட்பட்ட நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. நகரம் வளர வளர மனைகள் விலைபோயின, வீடுகள் எழுந்தன, அரணும் ஆங்காங்கே வெட்டப்பட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தில் வீடு கட்டக்கூடாது என்றால் அவர் பிழைப்புக்கு என்ன செய்வார்? சின்னத்தைக் காக்க விரும்பும் அரசு, நிலத்திற்கு ஈடு தரவேண்டும் அல்லது அந்தச் சின்னத்தால் அவருக்கும் ஒரு பயன் கிடைக்கச் செய்யவேண்டும். இல்லாவிட்டால் சட்டம் ஏட்டில் இருக்கும், கரை இருக்காது.

நாம் செய்யக்கூடியது

மண்கரையைக் கண்டறிய விமானமும் செயற்கைக்கோளும் பெரிதும் உதவுகின்றன. உழுது சமமாகிப்போன பள்ளத்திலும் ஈரம் கூடுதலாகத் தங்கும். அதன்மேல் பயிர் சற்று உயரமாக, பச்சையாக வளரும். வறட்சிக் காலத்தில் வானிலிருந்து பார்த்தால் அந்தப் பச்சைக் கோடு பளிச்சென்று தெரியும். 1920களில் இங்கிலாந்தில் கிராஃபோர்டு என்பவர் விமானப் படங்களிலிருந்து ஸ்டோன்ஹெஞ்சின் மறைந்த பாதை ஒன்றை இவ்வாறே கண்டார். இன்று லேசர் ஒளியால் நிலத்தை அளக்கும் லைடார் கருவி, மரங்களின் இடைவெளி வழியே தரையின் மேடுபள்ளங்களைப் படம் பிடித்துவிடுகிறது.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு கருவி உண்டு. அது ஊர்க்காரரின் நினைவு. எந்த வயலுக்குக் 'கோட்டைக்கொல்லை' என்று பெயர், எந்தத் தாழ்வில் மழை பெய்தால் நீர் வளைந்து நிற்கிறது, எங்கே ஏர் ஓட்டினால் பானை ஓடு புரள்கிறது என்பன அவருக்குத்தான் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நில அளவைப் படத்தில் காரணமின்றி வளைந்து செல்லும் ஒரு புறம்போக்கு, பழைய அகழியாக இருக்கக்கூடும்.

மாணவர்கள் இதை ஒரு விடுமுறைப் பணியாகவே செய்யலாம். ஊரின் இடப்பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஐயத்திற்கிடமான கரையை நடந்து அளந்து, படம் வரைந்து, புகைப்படம் எடுங்கள். மாவட்ட அருங்காட்சியகத்திற்கோ, தொல்லியல் துறைக்கோ, வட்டாட்சியருக்கோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். கடிதத்தின் நகலை ஊராட்சியிலும் கொடுங்கள். சாலைக்கு மண் எடுக்க இடம் பார்க்கும்போது அந்த நகல் பேசும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தோண்டாதீர்கள். ஆர்வத்தால் தோண்டுபவனும் பேராசையால் தோண்டுபவனும் அடுக்கைக் கலைப்பதில் ஒன்றே.

மீண்டும் எலவனாசூர்கோட்டைக்கு வருவோம். 'கோட்டை எங்கே?' என்று கேட்ட மாணவனுக்கு இப்போது விடை சொல்லலாம். "கல்லைத் தேடாதே, மண்ணைப் பார். வளைந்து செல்லும் மேட்டைப் பார். அதை ஒட்டிய தாழ்வைப் பார். பார்த்ததை எழுதி வை." அவன் காணும் மேடு வெறும் ஏரிக்கரையாகவும் இருக்கலாம், நேற்றுப் போட்ட வரப்பாகவும் இருக்கலாம். ஆனால் நூறு மேடுகளில் ஒன்று, பெயர் தெரியாத ஒரு கூட்டம் கூடையில் மண் சுமந்து எழுப்பியதாக இருக்கும். அந்த ஒன்றை முந்நூறு நடை லாரிக்கு முன்னால் ஒரு மாணவனின் நோட்டுப் புத்தகம் எட்டிவிடவேண்டும்.